நாற்பத்தொரு நிமிஷம்

பத்து இருபதுக்கு லிஃப்ட் நின்றது. அருணகிரி மொட்டை மாடியிலிருந்து இறங்கி வந்து, மூன்றாம் மாடியில் தன் வீட்டுக் கதவை ஒருக்களித்து வைத்து, கூடத்தில் சுவர்க் கடிகாரத்துக்கு நேராக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தபோது பத்து இருபத்துமூன்று. வேட்டி மடியில் ஃப்யூஸ் கட்டை இருந்தது. வெள்ளைப் பீங்கான். இன்னும் சூடு ஆறவில்லை, அல்லது வயிற்றுச் சூடுதான் அதற்கு ஏறியதோ என்னவோ. நாற்பத்தொரு நிமிஷம். பதினொன்று ஒன்றுக்கு முன்னால் இந்தக் கட்டை அதன் இடத்துக்குப் போகாது, எவன் வந்து காலில் விழுந்தாலும் போகாது. நாளுக்கு ஒரு நிமிஷம்தான், அதுவே பெரிய கருணை, நாளுக்கு ஒரு மணி என்று வைத்திருந்தால் அவன் நாளை மறுநாள் வரை உள்ளேயே கிடக்க வேண்டியதுதான். “யாருப்பா அங்க? கரண்டு போச்சா?” என்று குரல் வந்தது, படிக்கட்டுச் சுவர்களில் மோதி, மதிவாணன் குரல், அதிலும் மைக் பிடித்துப் பேசுகிற குரல், இந்த நாலு மாடிக் கட்டடத்தின் சங்கத்துக்குச் செயலாளர் என்ற எண்ணம் வீட்டில் சாம்பார் ஊற்றச் சொல்லும்போதும் போகாத குரல். கரண்டு போகவில்லை, அய்யா. தலைக்கு மேலே என் மின்விசிறி சுற்றுகிறது, எதிர்வீட்டில் ஷகிலாவின் தையல் மெஷின் மோட்டார் ஓடுகிறது, உனக்கு மட்டும்தான் போயிருக்கிறது. கத்து. நன்றாகக் கத்து. சித்திரை வெயில், உறையூர் முழுக்கச் சட்டியாகக் காய்கிறது, அந்த இரும்புக் கூண்டில் காற்றாடியும் நின்றிருக்கும். கத்தினால் வேர்க்கும், வேர்த்தால் தாகமெடுக்கும், தாகமெடுத்தால் தெரியும் ஒவ்வொரு படியாக ஏறுகிறவளுக்கு நாக்கு எப்படி ஒட்டிக்கொண்டதென்று. கடிகாரத்தின் பெரிய முள் நகர்வதாகவே இல்லை. மனைவி வல்லி வாங்கியது, கோயில் கோபுரப் படம் போட்டது, அவளுக்கு அது பிடித்திருந்தது, அவருக்கு என்றைக்கும் பிடித்ததில்லை. பத்து இருபத்துநாலு.

திட்டம் போட்டுச் செய்ததல்ல. எட்டு மாதமாக நினைத்ததுண்டு, ஆனால் நினைப்பதற்கும் கை போவதற்கும் நடுவில் எத்தனையோ தூரம் இருக்கிறது என்றுதான் இருந்தார். காலையில் வேட்டியைத் துவைத்துக் காயப்போட மாடிக்குப் போனார், இப்போதெல்லாம் அவர்தானே துவைக்க வேண்டியிருக்கிறது, நீலம் போடத் தெரியாமல் போட்டு வேட்டியெல்லாம் திட்டுத் திட்டாக வானம் மாதிரி ஆகிவிட்டது. கைப்பிடிச் சுவருக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தபோது கேட்டுக்குள் மதிவாணன் வருகிறான், ஒரு கையில் பையில் முருங்கைக்காய் நீட்டிக்கொண்டிருக்கிறது, இன்னொரு கை காதில், யாரோடோ பேசிச் சிரிக்கிறான். அந்தச் சிரிப்புதான். அவன் பேசாமல் நடந்து வந்திருந்தால், அல்லது சிடுசிடுவென்று வந்திருந்தால்கூட, கை போயிருக்காது. சிரித்தான். கீழே லிஃப்டின் மடக்குக் கதவு கடகடவென்று சாத்தும் சத்தம், மாடியில் மெஷின் ரூமுக்குள் மோட்டார் உறுமத் தொடங்கி இரும்புக் கயிறு ஓடுகிற சத்தம். அந்த ரூமுக்குப் பூட்டு கிடையாது, வெறும் தாழ்ப்பாள், அதையும் இரண்டு வருஷம் முன்னால் கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னது அருணகிரிதான். மின்சார வாரியத்தில் முப்பத்துநாலு வருஷம், ஹெல்ப்பராகச் சேர்ந்து லைன் இன்ஸ்பெக்டராக வெளியே வந்த கை. கயிறு ஓடுவதைப் பார்த்தது, ஒன்று, கடந்துவிட்டது, இரண்டு, கடந்துவிட்டது, இப்போது. பிடுங்கியது. கயிறு நின்று லேசாக ஆடியது. அந்த ஆட்டத்தைப் பார்த்தபோது தொண்டைக்குள் என்னவோ தித்திப்பாக இறங்கியது, வெட்கமாகக்கூட இருந்தது, இந்த வயசில் இப்படித் தித்திக்குமா என்று.

நாற்பத்தொரு நாள். ஆடி மாதம் முழுக்கவும் ஆவணியில் கொஞ்சமும். அப்போதும் இதே லிஃப்ட் இதே மாதிரி நின்றது, ஆனால் யாரும் பிடுங்கவில்லை, தானாக நின்றது. கீழே ஒரு அட்டை தொங்கியது, ‘பழுது, ஒத்துழைப்புக்கு நன்றி, செயலாளர்’. வல்லிக்கு இதயத்தில் வால்வு சரியில்லை, மாடிப்படி வேண்டாம் என்று டாக்டர் எழுதியே கொடுத்திருந்தார். ஆனால் வாரத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனைக்குப் போகணும், வெள்ளிக்கிழமை வெக்காளியம்மன் கோயிலுக்குப் போகாமல் இருக்க மாட்டாள், இறங்கினால் ஏற வேண்டும். மதிவாணனுக்கு என்ன, அறுபது வயசிலும் தினமும் காலையில் ஓடுகிறவன், நாலு மாடியையும் தாவித் தாவி ஏறுவான், ஏறும்போது “எக்சர்சைஸ்தானே, உடம்புக்கு நல்லது” என்பான். கம்பெனிக்காரன் வருவான், சாமான் வரணும், திங்கட்கிழமை, அடுத்த திங்கட்கிழமை. வல்லி போன மூன்றாம் நாள் மெக்கானிக் வந்தான். துக்கத்துக்கு வந்தவர்கள் ஏற முடியவில்லை என்று முணுமுணுத்ததும் வந்துவிட்டான். அருணகிரி பால் தெளித்துவிட்டு வந்து படிக்கட்டில் நிற்கிறார், அவன் மேலேயிருந்து கையைத் துடைத்துக்கொண்டே இறங்குகிறான், என்னப்பா கோளாறு என்று கேட்டார், கேட்டிருக்கக் கூடாது. “ஒரு காயிலு, கம்பிச் சுருள், எரிஞ்சிருக்கு சார். சின்ன வேலை. இருபது நிமிஷம்.” இருபது நிமிஷம் என்று அவன் விரலைக்கூட மடக்கிக் காட்டவில்லை, சும்மா சொல்லிவிட்டு இறங்கிப் போனான். அந்த இருபது நிமிஷம் எட்டு மாதமாக அருணகிரியின் காதுக்குள்ளேயே குடியிருக்கிறது. பல் தேய்க்கும்போது வருகிறது. சோறு வடிக்கும்போது வருகிறது. அதற்குப் பின்னால் இன்னொன்றும் வரும், அது வாசல் வரைக்கும் வரும், அதை உள்ளே விடமாட்டார், கதவைச் சாத்திவிடுவார், மதிவாணன், மதிவாணன், மதிவாணன்தான் என்று மூன்று முறை சொன்னால் அது போய்விடும். பத்து இருபத்தொன்பது.

தையல் மெஷின் நின்றது. இதோ வரப்போகிறாள். எதிர்வீட்டு ஷகிலா பானு, நாற்பத்தைந்து இருக்கும், புருஷன் போய்ப் பத்து வருஷம், ஜாக்கெட் தைத்தே மகளை நர்சிங் படிக்க வைத்தவள். அந்த மெஷின் சத்தத்துக்காக அவளோடு எத்தனை முறை சண்டை. வல்லி போன பிறகு அவள் கதவைத் தட்டி ஒரு டிபன் டப்பா நீட்டினாள், எனக்குச் சமைக்கத் தெரியும் என்றார், தெரியட்டும், இதைச் சாப்பிட்டுட்டுச் சமைங்க என்று வாசலிலேயே வைத்துவிட்டுப் போனாள். டப்பாவைக் கழுவி அவள் வாசலில் வைத்தார், மறுபடி நிரம்பி வந்தது, நோன்புக் கஞ்சி, கத்தரிக்காய், புளி போட்டு ஏதோ ஒன்று. ஒரு நாளும் நல்லாயிருக்கு என்று சொன்னதில்லை. உப்பு ஜாஸ்தி என்று ஒரு தடவை சொல்லியிருக்கிறார், மறுநாள் உப்பு குறைவாகவே வந்தது. கதவு திறந்தது, அவளேதான், கழுத்தில் அளவு நாடா. “அண்ணே, செக்ரட்டரி லிஃப்ட்ல மாட்டிக்கிட்டாரு. நம்ம மாடிக்கும் கீழ்மாடிக்கும் நடுவுல நிக்குது. மெக்கானிக்குக்குப் போன் போட்டா கரூர்ல இருக்கானாம், ரெண்டு மணி நேரமாகுமாம்.” ஆகட்டும் என்றார் அருணகிரி. “நீங்க ஒரு எட்டு மேல போய்ப் பாருங்களேன்.” நான் ரிட்டயர்டு ஆனவன்மா, ரிட்டயர்டு ஆனவங்க எல்லாத்துலயும் கைய வைக்கக் கூடாது. அவள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த வாக்கியம் யாருடையது என்று அவளுக்குத் தெரியும், அந்தக் கூட்டத்தில் அவளும் இருந்தாள். அவர் எழுந்து நின்று, மெஷின் ரூமுக்குப் பூட்டில்லை, மீட்டர் பெட்டியில் எர்த் சரியில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே மதிவாணன் மைக்கில், “ரிட்டயர்டு ஆனவங்க வீட்ல ரெஸ்ட் எடுக்கணும், எல்லாத்துலயும் கைய வைக்கக் கூடாது” என்றான், முப்பது பிளாஸ்டிக் நாற்காலிகளும் சிரித்தன. வல்லி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் சிரிக்கவில்லை, அவர் கையைத்தான் பிடித்தாள், அவர் உதறினார். எதற்காக உதறினார்? அவள் கையில் என்ன தப்பு? “சரி, இருங்க” என்று ஷகிலா போய்விட்டாள். பார்வை ஒரு நொடி மடியில் நின்றதோ? வேட்டி அங்கே கொஞ்சம் புடைத்துத்தான் இருக்கிறது. கையை மேலே வைத்து மறைத்துக்கொண்டார். திருடன். ஆமாம், இருக்கட்டும்.

வெளியே பேச்சு கூடியது. இரண்டாம் மாடி இன்னாசிமுத்து ஏறி வந்துவிட்டார், அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், எப்போதும் எதிரே லாரி வருகிற மாதிரியே சத்தமாகப் பேசுவார். மதிவாணன் குரல் இப்போது மைக் குரல் இல்லை. “தண்ணி, தண்ணி குடுங்க யாராவது, எனக்கு சுகர் இருக்கு.” கம்பிக்கு நடுவால் ஷகிலா பாட்டிலை விடுகிறாள் போலிருக்கிறது, பிடிச்சுக்குங்க, மெதுவா, என்கிறாள். அடடா, தண்ணீர் கொடுத்துவிட்டார்களா, கணக்கில் தண்ணீர் கிடையாதே. அருணகிரிக்குக் கோபம் வந்தது. வல்லிக்கு யார் கொடுத்தது? அன்றைக்கு, நாற்பத்தோராம் நாள், வெள்ளிக்கிழமை, கோயிலிலிருந்து வந்தார்கள். அவர் காய்கறிப் பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஏறினார், அவள் பின்னால். முதல் மாடித் திருப்பத்தில் நின்றாள், வா வா வெயில்ல வந்தது தலை வலிக்குது என்றார், நீங்க போங்க, போய்க் கதவைத் திறங்க என்றாள். போனார். கதவைத் திறந்தார். பையை வைத்தார். பானையிலிருந்து தண்ணீர் மொண்டு குடித்தார், அண்ணாந்து, ஒரு சொம்பு முழுக்க, ஜில்லென்று, நன்றாகத்தான் இருந்தது, இன்னொரு அரைச் சொம்பு மொண்டார். அப்போதுதான் கீழேயிருந்து இன்னாசிமுத்துவின் குரல், சார், சார், அம்மா விழுந்துட்டாங்க. வாயில் தண்ணீரோடு ஓடினார். அந்தத் தண்ணீரை விழுங்கினாரா துப்பினாரா என்பது இன்றைக்கும் தெரியவில்லை. துப்பியிருக்க வேண்டும். ஆனால் வீட்டில் தரை ஈரமாக இல்லை, பிற்பாடு பார்த்தார், எல்லாரும் போன பிறகு கூடத்தில் குனிந்து விரலால் தடவிப் பார்த்தார், உலர்ந்திருந்தது. விழுங்கித்தான் இருக்கிறார். மதிவாணன். மதிவாணன். மதிவாணன்தான்.

பத்து முப்பத்தெட்டு. இன்னும் இருபத்துமூன்று நிமிஷம். வாசலில் வந்து நிற்கும் அது இன்று கதவைச் சாத்தினாலும் போகவில்லை. இருபது நிமிஷ வேலை, முப்பத்துநாலு வருஷக் கை. வல்லி ஒரே ஒரு தடவை கேட்டாள், ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, கீரை ஆய்ந்துகொண்டே, தலையை நிமிர்த்தாமல், “நீங்க ஒருக்கா மேல போய்ப் பார்த்தா என்ன?” அவன் வந்து கூப்பிடட்டும் என்றார். அவ்வளவுதான். அவள் மறுபடி கேட்கவே இல்லை. ஏன் கேட்கவில்லை? கேட்டிருந்தால் போயிருப்பாரா? ஒருவேளை கத்தியிருப்பார். கத்திவிட்டு, அவள் தூங்கின பிறகு, இல்லை, விடிகாலையில் யாரும் பார்க்காத நேரத்தில் மாடிக்குப் போய்ப் பார்த்திருப்பார். கேட்டிருக்கலாம் வல்லி. ஏண்டி கேட்கவில்லை. முப்பத்தெட்டு வருஷம் கூட இருந்தவள், எப்படிக் கேட்டால் காரியம் நடக்கும் என்று தெரிந்தவள், ஏன் அந்த ஒன்றை மட்டும் விட்டுவிட்டாள்? இது பழி வாங்குகிற நேரம், இந்த நேரத்தில் இதெல்லாம் எதற்கு. அவன் அவஸ்தையைக் கேட்பதற்காக உட்கார்ந்திருக்கிறவருக்குத் தன் மூச்சுதான் கேட்கிறது, வாயைத் திறந்து விடுகிற மூச்சு, அவள் மூச்சு போலவே. கதவருகே போய் நின்றார், அங்கிருந்தால் நன்றாகக் கேட்கும் என்று.

இன்னாசிமுத்துதான் பேசிக்கொண்டிருந்தார். “அரைமணி நேரத்துக்கே இப்படித் துடிக்கறீங்களே, நாப்பது நாள் நாங்க ஏறி இறங்கினோமே, அப்ப எங்க போனீங்க?” கம்பெனிக்காரன் வரலைன்னா நான் என்ன பண்றது என்றான் மதிவாணன் கூண்டுக்குள்ளிருந்து. “அந்தம்மா செத்துப் போனாங்களே சார்.” பிறகு அந்தக் குரல், வெயிலும் பயமும் சேர்ந்து கிழிந்துபோன குரல், சொன்னது: “அதுக்கு நானா பொறுப்பு? இந்தா இருக்காரே அருணகிரி, முப்பது வருஷம் கரண்டு வேலை பார்த்தவரு. அவருக்குத்தான் எல்லாம் தெரியுமே. அவர் பொண்டாட்டிதானே, அவரே ஏறிப் பார்த்திருக்கலாமே! ரோஷம்! ரோஷத்துல உக்காந்திருந்தாரு!”

அது உள்ளே வந்துவிட்டது. எட்டு மாதம் வாசலிலேயே நின்றது, அவன் வாயால் உள்ளே வந்து கூடத்தில் உட்கார்ந்துகொண்டது. அருணகிரி கதவை இழுத்துத் திறந்துகொண்டு வெளியே வந்தார், எதற்கு வந்தார் என்று அவருக்கே தெரியாது, அடிக்கத்தான் வந்திருக்க வேண்டும், கை மடியிலிருந்த பீங்கானை வேட்டியோடு சேர்த்துப் பிடித்திருந்தது, அதாலேயே மண்டையில் ஒன்று போட. மடக்குக் கதவின் கம்பிகளுக்குப் பின்னால், தரை மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே, மதிவாணனின் தலை மட்டும் தெரிந்தது. எல்லார் காலடியிலும் ஒரு தலை. வேர்வையில் தலைமயிர்ச் சாயம் கரைந்து நெற்றியில் கறுப்பாக இரண்டு கோடு இறங்கியிருந்தது. இந்தக் காட்சிக்காகத்தானே. இதைப் பார்க்கத்தானே எட்டு மாதம் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தது. பார், நன்றாகப் பார். மதிவாணன் அண்ணாந்து பார்த்தான், வாயை மூடிக்கொண்டான். பயந்தான். ஆனால் தொண்டையில் தித்திப்பு இறங்கவில்லை, காய்ந்துதான் கிடந்தது.

“வாயை அளந்து பேசுங்க” என்றாள் ஷகிலா கம்பியைப் பார்த்து. இன்னாசிமுத்து அருணகிரியைப் பார்த்தார், பார்த்தவர் பேசலாமா வேண்டாமா என்று கொஞ்சம் தயங்கி, பிறகு எப்போதும்போல் சத்தமாகவே ஆரம்பித்தார், ஆனால் பாதியில் சத்தம் தானாகக் குறைந்தது. “சார், எங்க வாசல்ல ஒரு நீல நாற்காலி கிடந்துச்சே, வழியை மறிக்குதுன்னு நீங்க என்னைத் திட்டினீங்களே, ஞாபகம் இருக்கா? அது அம்மாவுக்காகப் போட்டது. முதல் மாடியில ஒண்ணு, எங்க வாசல்ல ஒண்ணு. நீங்க முன்னாடி போயிடுவீங்க, அவங்க வந்து உக்காருவாங்க, என் சம்சாரம் ரோஸ்லின் மோர் கொண்டாந்து குடுப்பா. பத்து நிமிஷம் பேசிட்டு ஏறுவாங்க. நான் ஒருநாள் சொன்னேன், சாருக்கு இந்த வேலை தெரியுமே, அவரைப் பார்க்கச் சொல்லுங்கம்மான்னு. வேண்டாம் இன்னாசின்னாங்க. ‘அவர் பார்த்தார்னா சரி பண்ணிடுவார். ஆனா அந்த ஆள் மறுபடி எல்லார் முன்னாடியும் ஏதாவது சொல்லிச் சிரிச்சான்னா அவர் தாங்கமாட்டார். நான் மெதுவா ஏறிக்கிறேன்’னாங்க.”

அந்த நாற்காலியைக் காலால் சுவரோரம் தள்ளியிருக்கிறார் அருணகிரி. இரண்டு தடவை. மூன்று தடவை. மறுநாள் அது பழைய இடத்துக்கே வந்திருக்கும், இந்த பஸ்காரனுக்குத் திமிர் என்று நினைத்திருக்கிறார். இரண்டாம் தடவை தள்ளியபோது இருக்கை ஈரமாக இருந்தது, மோர் சிந்தியிருந்ததோ. அவள் எழுந்து போய் ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. இந்தக் கட்டடத்தில் மாடிக்கு மாடி அவளுக்கு ஒரு வீடு இருந்திருக்கிறது, மோர் இருந்திருக்கிறது, பேச்சு இருந்திருக்கிறது, அவருக்கு மட்டும்தான் வெறும் படி. தாங்கமாட்டார். யார் தாங்கமாட்டார்? அவர் தாங்கமாட்டார் என்று அவள் தாங்கியிருக்கிறாள், ஒவ்வொரு படியாக, வால்வு சரியில்லாத நெஞ்சோடு, அவருடைய ரோஷத்தைக் குடத்துத் தண்ணீர் போலத் தளும்பாமல் தூக்கிக்கொண்டு. “நான் போய்ப் பாக்கறேன்” என்றார் அருணகிரி. குரல் வெளியே வந்ததா என்று சந்தேகமாக இருந்தது, மறுபடி சொன்னார். நாலாம் மாடி, அதற்கு மேல் மொட்டை மாடி. ஏறினார். பதினாறு படி, திருப்பம், பதினாறு படி. ஒவ்வொன்றிலும் காலை வைக்கும்போது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. பின்னால் செருப்புச் சத்தம் வந்ததை அவர் கவனிக்கவில்லை.

மெஷின் ரூமுக்குள் இருட்டாகவும் எண்ணெய் நாற்றமாகவும் இருந்தது. மடியிலிருந்து கட்டையை எடுத்தார். பத்து ஐம்பத்தொன்று இருக்கும். இன்னும் பத்து நிமிஷம் மீதி இருக்கிறது, அந்தப் பத்து நிமிஷம் யாருக்குச் சேர வேண்டியது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது, அதைக் கழிக்க எந்தக் கூண்டும் வேண்டாம், இருந்தபடியே கழிக்கலாம், ஆயுசு முழுக்கக் கழிக்கலாம். கட்டை அதன் இடத்தைத் தேடியது, முப்பத்துநாலு வருஷத்தில் ஒரு ஃப்யூஸைப் போட இத்தனை நேரம் ஆனதில்லை. அப்போது பின்னாலிருந்து வெளிச்சம் விழுந்தது. ஷகிலா, கையில் போனில் டார்ச். அவர் கையைப் பார்த்தாள், வேட்டி மடியைப் பார்த்தாள். “நீங்கதானா” என்றாள். “எங்க மக இன்னிக்கு ஹாஸ்டல்லேருந்து வர்றா. அவ ஏறியிருந்தா?” அவன் ஏறினதைப் பார்த்துட்டுத்தான், என்று ஏதோ சொல்ல வந்தவர் நிறுத்திக்கொண்டார். “பார்த்துட்டுத்தான் செஞ்சீங்களா? அது இன்னும் மோசம்” என்றாள் ஷகிலா. அவள் கத்தவில்லை, கத்தியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். டார்ச்சை மட்டும் நேராகப் பிடித்தாள், நடுங்காமல், அவர் கைக்கு வெளிச்சம் படும்படி. கட்டை உள்ளே போனது. “கீழ போய் நீங்களே சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?”

அவரே சொன்னார். லிஃப்ட் மூன்றாம் மாடிக்கு வந்து நின்று, கதவு மடங்கி, மதிவாணன் முருங்கைக்காய்ப் பையோடு தள்ளாடி வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றபோது சொன்னார், நான்தான் பிடுங்கினேன் என்று. காரணம் சொல்லவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை, கேட்க வாய் வரவில்லை, அவன் மேல் இருந்த வெறுப்பு ஒரு குந்துமணி குறையவில்லை, அது வேறு, இது வேறு. மதிவாணன் முதலில் நம்பவில்லை, பிறகு கை ஓங்கினான், இன்னாசிமுத்து அந்தக் கையைப் பிடித்தார். போலீசுக்குப் போவேன், உள்ள தள்ளாம விடமாட்டேன். “போங்க சார். நாப்பத்தொரு நாளையும் சேர்த்தே எழுதிக் குடுங்க, நானும் சாட்சிக்கு வர்றேன்” என்றார் இன்னாசிமுத்து. பிறகு அருணகிரி பக்கம் திரும்பி, “உங்களையும் சும்மா விடறதுக்கில்ல. அம்மா பேரைச் சொல்லி இப்படி ஒரு காரியம். அவங்க இருந்தா உங்க மூஞ்சியில முழிப்பாங்களா?” என்றார். முழிக்கமாட்டாள். நாலு நாள் பேசியிருக்கமாட்டாள், சோற்றைத் தட்டில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். அந்த நாலு நாளுக்காக இப்போது எதை வேண்டுமானாலும் கொடுக்கலாம் போலிருந்தது.

தீர்ப்புச் சொன்னவள் ஷகிலாதான், அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்துச் சுருட்டிக்கொண்டே. “மேல ரூமுக்கு இன்னிக்கே பூட்டு போடணும். ரெண்டு சாவி. ஒண்ணு எங்கிட்ட இருக்கும். ஒண்ணு இவர்கிட்ட. இனிமே இந்த லிஃப்டைப் பார்த்துக்கறது இவர் பொறுப்பு. எண்ணெய் போடறது, தொடைக்கறது, மெக்கானிக்கை விரட்டறது, யாராவது மாட்டிக்கிட்டா ஓடறது, எல்லாம். தண்டனைன்னே வச்சுக்குங்க.” திருடன் கையில சாவியா என்று மதிவாணன் குதித்தான். “இன்னொண்ணு என் கையில இருக்கே. நான் டார்ச்சோட வருவேன்” என்றாள். அருணகிரிக்கு ஏதாவது கடுப்பாகச் சொல்ல வேண்டும்போல் இருந்தது, ரிட்டயர்டு ஆனவன் என்று தொடங்கக்கூட நாக்கு எழுந்தது. சொல்லவில்லை. “எண்ணெய் போட்டு ரெண்டு வருஷமிருக்கும். அந்த மோட்டார் சத்தமே சரியில்ல” என்றார். அது யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

மதியம் சாப்பிடாமல் மெஷின் ரூமிலேயே கிடந்தார். ஒட்டடை, எலி கடித்த பஞ்சு, யாரோ போட்டுவிட்டுப் போன டீ டம்ளர். துடைக்கத் துடைக்கத் துணி கறுத்தது, வேட்டியும் கறுத்தது. கூண்டுக்குள் கறுப்பு மையால் ‘லிஃப்ட் நின்றால் அழைக்கவும்’ என்று எழுதி, கீழே தன் போன் நம்பரை எழுதினார், பெரிய எழுத்தில், கண்ணாடி போடாதவர்களுக்கும் தெரிகிற மாதிரி. மூன்றரை மணிக்கு வீட்டுக்கு வந்து ஷகிலா வைத்துவிட்டுப் போயிருந்த டப்பாவைத் திறந்து, அவள் இன்னும் கோபமாகத்தான் இருக்கிறாள் என்பது புளிக்குழம்பில் தெரிந்தது, பாதி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. தெரியாத நம்பர்.

“நான்தான்” என்றது குரல்.

“யாரு?” என்றார், யாரென்று தெரிந்தும்.

“மதிவாணன். லிஃப்டுக்குள்ளேருந்துதான் பேசறேன்.”

“நின்னுடுச்சா?” தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார்.

“நிக்கல. ஓடுது. ரெண்டாவது மாடிகிட்ட வர்றப்ப ஒரு சத்தம் கேக்குது. கர்ருனு.” அந்தக் குரலில் மைக் இல்லை. கொஞ்சம் பயமும், பயத்தைக் காட்டிக்கொள்ளக் கூடாது என்ற வீறாப்பும்தான் இருந்தது.

“ஏறும்போதா இறங்கும்போதா?”

“அதெல்லாம் பாக்கல.”

“பாக்காம எப்படிச் சொல்றது. கீழ போங்க. போய் மறுபடி ஏறி வாங்க. போனை வைக்காதீங்க, நான் கேக்கணும்.”

மதிவாணன் இறங்கினான். ஏறினான். அருணகிரி ஈரக் கையோடு போனைக் காதில் அழுத்திக்கொண்டு படிக்கட்டில் வந்து நின்று, ஒரு காதில் போனிலும் இன்னொரு காதில் கம்பிக்கு வெளியிலுமாகக் கேட்டார். கயிறு இல்லை. மோட்டார் இல்லை. பக்கவாட்டில் கூண்டைப் பிடித்து ஓடுகிற ஏதோ ஒன்று உலர்ந்து போயிருக்கிறது. மறுபடி என்றார். இறங்கினான், ஏறினான். மூன்றாவது தடவை கூண்டு இரண்டாம் மாடியைக் கடந்தபோது சத்தம் எந்தப் பக்கம், எந்தச் சக்கரம் என்பதுகூட அவருக்குத் துல்லியமாகப் பிடிபட்டுவிட்டது. ஷகிலாவின் மெஷின் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. “தெரிஞ்சுதா சார்?” என்றான் மதிவாணன், முதல் தடவையாகச் சார் போட்டு.

“இல்ல” என்றார் அருணகிரி. “இன்னும் ஒரு தடவை.”